பட்டதாரி மருத்துவம் பயிலலாமா?

கலைப் பட்டம் பெற்று அலுவல் பார்ப்போர் சிலருக்கு மருத்துவம் பயிலும் வேட்கை காலங்கடந்து எழுவதுண்டு. செம்பூரிலும் மாதுங்காவிலும் அத்தகையோரை நாம் கண்டிருக்கிறோம். தாராவியை அடுத்த சயானில், 1964 இல் தோன்றிய லோகமான்ய திலகர் மாநகராட்சி மருத்துவக் கல்லூரியைக் கடக்கையில் அவர்தம் நடை சற்றே தளரும்.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்குவோம். அமெரிக்காவில் பட்டத்தின் பின்னரே மருத்துவக் கல்லூரி. ஆகவே கலை பயின்றவர் விஞ்ஞானப் பாடங்களுக்காக அங்கே மீண்டும் கல்லூரி புகுகிறார். நம் நாட்டில் பட்டம் கணக்கில்லை. பி.ஏ.யில் முதல் வகுப்பு பெற்றிருப்பினும் அஃது ஒரு மதிப்பெண்ணும் தாராது! பன்னிரண்டாம் வகுப்பின் பௌதிகம், இரசாயனம், உயிரியல், ஆங்கிலம் ஆகியவற்றில் தேர்ச்சியும் நீட் தேர்வுமே வேண்டும். ஆகவே இரண்டாம் பட்டத்துக்கென மூன்றாண்டு கழிப்பது வீணே. விடுபட்ட அப்பாடங்களைப் பின்னர்க் கூடுதலாக எழுதித் தேறியோரும் தகுதியுடையரெனத் தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது.

வயதோ? 25 என்றும், ஒதுக்கீட்டுப் பிரிவினர்க்கு 30 என்றும் இருந்த வரம்பு 2022 மார்ச்சில் நீங்கியது. வரம்பு வழக்கிலிருந்தபோதே, ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியொருவர் 64 வயதில், 2020 ஆம் ஆண்டு நீட் தேர்வில் தேறி, ஒடிசாவின் புர்லா மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

அவருக்கு ஓய்வூதியம் இருந்தது. நாற்பதில் நிற்போர்க்கு அஃதில்லை. படிப்பு நாலரை ஆண்டு, பயிற்சி ஓராண்டு. வகுப்போ முழுநேரம், அலுவலையும் உடன் நடத்தல் இயலாது. பயிற்சியாண்டில்தான் உதவித்தொகை. அதுவரை வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் எங்கிருந்து வரும் என்பதை, உயிரியல் நூலைத் திறக்குமுன்பே வீட்டாரோடு அமர்ந்து கணக்கிட்டுவிடல் வேண்டும்.