ப்ளூஸ் பியானோவில் பிறந்த பக்திப் பாடல்

அமெரிக்காவில் ‘கோஸ்பல்’ என்னும் கிறிஸ்தவ பக்தி இசையின் தந்தை என்று போற்றப்படும் தாமஸ் டார்சி, 1920-களில் ‘ஜார்ஜியா டாம்’ என்ற பெயரில், ‘ப்ளூஸ்’ என்னும் கறுப்பின மக்களின் இசையைப் பியானோவில் வாசித்தவர். 1899-இல் ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்தார். தந்தை போதகர், தாய் ஆர்கன் வாசிப்பவர். புகழ்பெற்ற பாடகி மா ரெய்னிக்குப் பியானோ வாசித்தார். 1928-இல் டாம்பா ரெட் என்ற இசைக்கலைஞருடன் இவர் பதிவுசெய்த ஓர் இரட்டை அர்த்தப் பாட்டு அமோகமாக விற்றது. இப்படிப்பட்டவர் சபைக்குத் திரும்பியதை, பாவ இசையைக் கைவிட்ட கதையாகவே பலரும் சொல்கிறார்கள். உண்மை வேறு. டார்சி ப்ளூஸைக் கைவிடவில்லை, ஆராதனைக்கே கொண்டுபோனார். சுரத்தைச் சற்று வளைத்து இழுப்பது, ஒருவர் பாட மற்றவர்கள் பதில் கொடுப்பது, கைதட்டலோடு தாளம் ஏறுவது என்று தான் கற்ற நுணுக்கங்களையெல்லாம் ஜெபப் பாடல்களில் வைத்தார். 1932-இல் அவர் ஊரில் இல்லாத நேரத்தில் மனைவி நெட்டி பிரசவத்தில் இறந்தார், பிறந்த ஆண் குழந்தையும் பிழைக்கவில்லை. அந்தத் துயரத்தில் எழுதிய ‘டேக் மை ஹேண்ட், பிரெஷஸ் லார்ட்’ பாட்டில் ப்ளூஸின் அழுகை கடவுளை நோக்கித் திரும்பியிருக்கிறது.

டார்சியின் இந்தப் பாணி பிசாசின் இசை என்று அன்றைய சபைப் பெரியவர்கள் பலர் கதவை அடைத்தார்கள். புனிதமான வழிபாட்டுக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்ற அவர்களின் அக்கறை நியாயமானதுதான். ஆனால் தெற்கிலிருந்து சிகாகோவுக்குப் பிழைக்க வந்த ஏழைக் கறுப்பின மக்களுக்கு, பயிற்சி பெற்ற குழு பாடும் ஐரோப்பியப் பாணிக் கீதங்கள் அந்நியமாக இருந்தன. அவர்களின் துக்கத்துக்குப் பழகிய மொழி ப்ளூஸ்தான். டார்சி பணத்துக்காக மாறினார் என்ற வாதமும் நிற்காது. நன்றாக விற்றுக்கொண்டிருந்தது ப்ளூஸ். அவருடைய பக்திப் பாடல் தாள்களைத் தொடக்கத்தில் வாங்கத்தான் ஆளில்லை. ‘பிரெஷஸ் லார்ட்’ பாட்டின் மெட்டு பழைய கீதம் ஒன்றைத் தழுவியது என்பது மெய். பழைய மெட்டில் புதிய உயிரை ஊற்றுவதும் படைப்புதானே.

சிகாகோவின் பில்கிரிம் பாப்டிஸ்ட் சபையில் பல பத்தாண்டுகள் பாடகர் குழுவை நடத்தினார் டார்சி. மஹாலியா ஜாக்சன் போன்ற பெரும் பாடகிகள் அவருடைய பாடல்களை உலகறியச் செய்தார்கள். 1968-இல் மார்ட்டின் லூதர் கிங்கின் இறுதிச் சடங்கில் மஹாலியா பாடியது கிங்குக்குப் பிடித்தமான அதே ‘பிரெஷஸ் லார்ட்’ பாட்டைத்தான். மெட்டுக்குப் பாவமும் புண்ணியமும் கிடையாது. யாருக்காக, எந்த மனத்தோடு பாடுகிறோம் என்பதே அதைப் பக்தியாக்குகிறது. புதிய பாணியைக் கேட்டவுடன் கதவை அடைக்கும் எந்த வழிபாட்டுத் தலமும் டார்சியின் வாழ்க்கையை ஒருமுறை படித்துப் பார்க்கட்டும்.