மரத்தில் செதுக்கிய மழை!

திடீர் என்று கோடை மழை கொட்டுகிறது. பாலத்தில் போனவர்கள் தலை குனிந்து ஓடுகிறார்கள். கீழே, ஆற்றில் ஒருவன் தன்னந்தனியே கட்டுமரம் தள்ளுகிறான்.

இது ஒரு படம்! ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகே 1857-ம் ஆண்டில் வரைந்தது. இடம், எடோ நகரம். இன்றைய டோக்கியோ தான் அது!

ஓவியர் வரைந்ததை, தொழிலாளி மரப்பலகையில் செதுக்கினார். பிறகு மை தடவி, காகிதத்தில் அச்சிட்டார்கள்.

மழைக் கோடுகள் மயிரிழை போல மெல்லியவை. அவற்றை மட்டும் மேடாக நிறுத்தி, சுற்றிலும் உள்ள மரத்தைச் செதுக்கி எடுக்க வேண்டும். கத்தி கொஞ்சம் பிசகினால், மழை அறுந்துவிடும்!

1887-ல் டச்சு ஓவியர் வான்கா, பாரீசில் இதைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். ஆனால், தூரிகைக் கோடுகள் தடித்துவிட்டன.

படத்தின் புகழ் ஹிரோஷிகேக்கு. மழையின் மென்மையோ, செதுக்கிய கையின் திறமை!