காரில் விழுந்த ஒடுக்கு

திருப்புறம் நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் உள்ள ஓர் ஊர். கேரளமும் தமிழ்நாடும் சேரும் எல்லை பக்கம்தான். அங்கே ஒரு கல்யாணம் நடந்தது. ரோடு குறுகலானது. இரண்டு பக்கமும் மதில். வந்த வண்டிகள் எல்லாம் மதிலை ஒட்டி வரிசையாக நின்றன.

பந்தி முடிந்தது. தமிழ்நாட்டு எண் உள்ள ஒரு கார் பின்னால் வந்தது. டொம் என்று ஒரு சத்தம். நின்றிருந்த வெள்ளைக் காரின் கதவில் அது இடித்துவிட்டது.

வெள்ளைக் காரின் சொந்தக்காரர் பாறசாலையில் மளிகைக் கடை வைத்திருப்பவர். சேர்த்து வைத்த பணத்தில் பழைய காராக வாங்கினார். கடைக்குச் சரக்கு எடுக்க அந்தக் கார்தான். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவும் அந்தக் கார்தான். கதவைப் பார்த்ததும் அவருக்கு ஆத்திரம் வந்தது.

"கண்ணு தெரியல்லியா தம்பி?" என்று கத்தினார்.

"தெரியாம பட்டுப்போச்சு அண்ணே, மன்னிச்சிடுங்க" என்றான் வண்டி ஓட்டிய இளைஞன்.

கூட்டம் கூடியது. ஒரு பெரியவர் நடுவில் வந்தார். "ஆளுக்கு ஒண்ணும் ஆகல்லியே. பிறகு எதுக்குச் சண்டை? முதல்ல கதவைப் பாருங்க" என்றார்.

பெரியவர் சொன்னது சரி. தகடு நசுங்கினால் சரி செய்யலாம். கை நீண்டுவிட்டால் வழக்கு வரும்.

முதலில் செய்ய வேண்டியது

முதலில் யாருக்காவது அடிபட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடிபட்டிருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். காவல் நிலையத்துக்கும் சொல்ல வேண்டும். இது சட்டம்.

யாருக்கும் அடி இல்லை என்றால் வண்டியை நகர்த்தும் முன் கைப்பேசியில் படம் எடுக்க வேண்டும். இரண்டு வண்டிகளும் நிற்கும் நிலை தெரிய வேண்டும். எண் பலகைகளும் தெரிய வேண்டும். பிறகு மற்றவரின் பெயர், ஊர், கைப்பேசி எண், வண்டி எண், இன்சூரன்ஸ் கம்பெனியின் பெயர் ஆகியவற்றை எழுதிக் கொள்ள வேண்டும்.

வண்டி வேறு மாநிலத்து வண்டியாக இருந்தால் பயப்பட வேண்டாம். மார்த்தாண்டத்து வண்டிக்கு எண் டி.என். 75. பாறசாலை வண்டிக்கு கே.எல். 19. நெய்யாற்றின்கரை வண்டிக்கு கே.எல். 20. எந்த எண்ணாக இருந்தாலும் மோட்டார் வாகனச் சட்டம் ஒன்றுதான். இன்சூரன்சும் இந்தியா முழுவதும் செல்லும்.

இரண்டு வகை இன்சூரன்ஸ்

"என்கிட்ட இன்சூரன்ஸ் இருக்கு. கம்பெனி தரும்" என்றார் கடைக்காரர். பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். இன்சூரன்சில் இரண்டு வகை உண்டு.

ஒன்று, தேர்டு பார்ட்டி. நம் வண்டியால் மற்றவர்களுக்கு ஏற்படும் நட்டத்துக்கு இது பணம் தரும். நம் வண்டி நசுங்கினால் இது ஒரு ரூபாய்கூடத் தராது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி எல்லா வண்டிக்கும் இது கட்டாயம். இது இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

மற்றொன்று, சொந்த வண்டியின் சேதத்துக்கான இன்சூரன்ஸ். இது கட்டாயம் இல்லை. விரும்பினால் எடுக்கலாம். இதுதான் நம் வண்டியின் ஒடுக்குக்குப் பணம் தரும். இரண்டும் சேர்ந்த பாலிசியைத்தான் முழு இன்சூரன்ஸ் என்கிறார்கள்.

இடித்த இளைஞனின் தேர்டு பார்ட்டி இன்சூரன்சிலிருந்தும் கடைக்காரர் பணம் கேட்கலாம். அதற்குக் காவல் நிலையத்தின் ஜி.டி. என்ட்ரி வேண்டும். வாகன விபத்து நட்டஈட்டுத் தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்க வேண்டும். நாள் ஆகும். சிறிய ஒடுக்குக்கு அவ்வளவு தூரம் போவது கட்டாது.

தாளில் யார் பெயர்?

கடைக்காரர் வீட்டுக்கு வந்தார். பெட்டியிலிருந்து இன்சூரன்ஸ் தாளை எடுத்தார். அவர் மனைவி அண்மையில்தான் எழுதப் படிக்கக் கற்றவர். அவர் தாளை வாங்கி, விரல் வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார்.

"என்னங்க, இதுல உங்க பேரு இல்லியே" என்றார்.

அதில் இருந்தது காரை விற்றவரின் பெயர். கார் வாங்கியபோது ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றினார்கள். இன்சூரன்சில் மாற்ற மறந்துவிட்டார்கள்.

இது சிறிய தவறு போலத் தெரியும். ஆனால் பெரிய நட்டத்தில் கொண்டு விடும். பழைய வண்டி வாங்கினால் 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் சொந்த வண்டியின் சேதத்துக்குப் பணம் கிடைக்காது. இன்று கதவில் ஒரு ஒடுக்கு. நாளை கார் முழுவதும் நசுங்கினால்? சேர்த்து வைத்த பணம் எல்லாம் போய்விடும்.

கடைக்காரர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "நல்ல வேளை, நீ படிச்சே" என்றார் பிறகு.

கம்பெனியில் கேட்பதா, கையிலிருந்து கொடுப்பதா?

தாளில் பெயர் சரியாக இருந்தாலும் ஒரு கணக்குப் பார்க்க வேண்டும்.

ஒரு வருடம் முழுவதும் கம்பெனியிடம் பணம் கேட்காமல் இருந்தால், அடுத்த வருடம் கட்டும் தொகையில் தள்ளுபடி கிடைக்கும். இதற்கு நோ கிளெய்ம் போனஸ் என்று பெயர். முதல் வருடத்துக்கு 20 சதவீதம். இரண்டு வருடத்துக்கு 25, மூன்றுக்கு 35, நான்குக்கு 45, ஐந்துக்கு 50 சதவீதம். இந்தத் தள்ளுபடி சொந்த சேத இன்சூரன்ஸ் தொகையில் மட்டும் உண்டு. ஒரு முறை பணம் கேட்டால் தள்ளுபடி போய்விடும். மறுபடி முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒருவருக்குச் சொந்த சேதத்துக்கான தொகை வருடம் 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அவர் மூன்று வருடம் பணம் கேட்கவில்லை. இப்போது நான்காம் வருடம். காரில் ஒடுக்கு விழுந்தது. பட்டறைச் செலவு 4,000 ரூபாய். அதில் தகடு வேலைக்கு 1,000. பெயின்ட் வேலைக்கு 3,000.

கம்பெனி 4,000 ரூபாயையும் தராது. சிறிய காருக்கு முதல் 1,000 ரூபாய் நம் பொறுப்பு. பெயின்ட் வேலையில் கால் பங்கு பெயின்டின் விலை என்று கணக்கு வைப்பார்கள். அது 750 ரூபாய். அதில் பாதி தேய்மானம் என்று கழிப்பார்கள். அது 375 ரூபாய். ஆகக் கையில் வருவது 2,625 ரூபாய்.

பணம் கேட்காமல் இருந்திருந்தால் அடுத்த வருடம் 45 சதவீதம், அதாவது 2,700 ரூபாய் தள்ளுபடி கிடைத்திருக்கும். கேட்டதால் அது போயிற்று. அதற்கு அடுத்த வருடங்களிலும் தள்ளுபடி குறையும். மறுபடி 50 சதவீதம் வரும்வரை கூட்டினால் மொத்த நட்டம் 7,200 ரூபாய்!

அதனால் சிறிய ஒடுக்குக்குக் கையிலிருந்து கொடுப்பதே பல நேரம் இலாபம். பெரிய சேதத்துக்கு இன்சூரன்சைக் கேட்க வேண்டும். அதற்குத்தான் பணம் கட்டுகிறோம். கேட்பது என்று முடிவு செய்தால் பட்டறையில் வேலை தொடங்கும் முன்பே கம்பெனிக்குச் சொல்ல வேண்டும்.

பேசித் தீர்த்தல்

"பட்டறைச் செலவை நானே தரேன் அண்ணே" என்று இளைஞன் சொல்லியிருந்தான். கடைக்காரர் ஒத்துக்கொண்டார். இரண்டு பேரும் ஒரு தாளில் எழுதிக் கொண்டார்கள். நாள், இடம், இரண்டு வண்டிகளின் எண், சேதம், கொடுத்த பணம், "இனி இதுபற்றிக் கேட்பதற்கு ஒன்றும் இல்லை" என்ற வரி ஆகிய எல்லாம் அதில் இருந்தன. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். ஆளுக்கு ஒரு பிரதி.

இப்படிப் பணம் வாங்கிய பிறகு அதே ஒடுக்குக்கு இன்சூரன்சிலும் பணம் கேட்கக் கூடாது. எழுதாத தாளில் ஒருபோதும் கையெழுத்துப் போடக் கூடாது.

பட்டறையில்

அந்தக் காலத்தில் பித்தளைக் குடம் நசுங்கினால் ஒடுக்கு எடுப்பவர் தெருவுக்கு வருவார். குடத்தின் உள்ளே ஒரு இரும்பைக் கொடுத்து, மேலே மெல்லத் தட்டி எடுப்பார். கார் பட்டறையில் நடப்பதும் அதேதான். இங்கே அதற்கு டிங்கரிங் என்று பெயர்.

பட்டறை ஆசான் கதவைத் தடவிப் பார்த்தார். "சளுங்கினதை எடுத்திடலாம். ஆனா பெயின்ட் வெடிச்சிருக்கு. தள்ளிப் போடாதீங்க" என்றார்.

காரின் தகடு ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. அதைத் துருவிலிருந்து காப்பது பெயின்ட்தான். பெயின்ட் வெடித்த இடத்தில் தண்ணீர் இறங்கும். துரு பிடிக்கும். பூவாறு போன்ற கடற்கரைப் பக்கத்தில் உப்புக் காற்று. அங்கே துரு இன்னும் வேகமாகப் பரவும். ஆறு மாதம் விட்டால் தகட்டையே வெட்டி ஒட்ட வேண்டி வரலாம்.

ஆசான் கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றினார். உள்ளே ஒரு இரும்புக் கட்டியைப் பிடித்து வெளியே சுத்தியலால் தட்டினார். தகடு சமமானது. சிறிய மேடு பள்ளங்களை மூடப் பட்டி பூசினார். காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்தார். அதன்மேல் பிரைமர், பிறகு நிறம், கடைசியில் பளபளப்பு.

பெயின்ட் வெடிக்காமல் தகடு மட்டும் குழிந்தால் இவ்வளவு வேலை இல்லை. நீளமான கம்பியால் உள்ளிருந்து மெல்லத் தள்ளி எடுக்கும் முறை உண்டு. பட்டியும் வேண்டாம், பெயின்டும் வேண்டாம். பம்பர் பிளாஸ்டிக்கால் ஆனது. அதைச் சூடாக்கி உள்ளிருந்து தள்ளினால் பல நேரம் பழைய வடிவத்துக்கு வந்துவிடும்.

சில இடங்களில் தகட்டைச் சரியாக எடுக்காமல் பட்டியைக் கனமாக அப்பிவிடுவார்கள். கொஞ்ச நாளில் அது வெடிக்கும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஒரு சிறிய காந்தத்தைத் துணியில் சுற்றி அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். பட்டி கனமாக இருந்தால் காந்தம் ஒட்டாது.

வேலை தொடங்கும் முன் இரண்டு பட்டறைகளில் விலை கேளுங்கள். என்ன வேலை, எவ்வளவு ரூபாய், எத்தனை நாள் என்று எழுதி வாங்குங்கள். முடிந்ததும் ரசீது வாங்குங்கள்.

கம்பெனி மறுத்தால்

நியாயமான பணத்தைக் கம்பெனி தர மறுத்தால் முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். இன்சூரன்ஸ் கட்டுப்பாட்டு ஆணையத்தின் 155255 என்ற எண்ணிலும் சொல்லலாம். ஒரு மாதத்தில் தீர்வு இல்லை என்றால் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கேரளத்துக்கான அலுவலகம் கொச்சியில் உள்ளது. கட்டணம் இல்லை. வக்கீல் வேண்டாம்.

கடைக்காரர் மறுநாளே இன்சூரன்ஸ் அலுவலகத்துக்குப் போனார். பெயரை மாற்றினார். விற்றவருக்குரிய தள்ளுபடி வாங்கியவருக்குச் செல்லாது. அதனால் கொஞ்சம் கூடுதல் பணம் கட்ட வேண்டி வந்தது. புதிய தாள் வந்ததும் அவர் மனைவி அதை வாங்கிப் படித்தார். பெயர் சரி. வண்டி எண் சரி. முடியும் நாளைச் சுவரில் தொங்கும் காலண்டரில் குறித்து வைத்தார்.

சிந்தித்துப் பாருங்கள்

1. உங்கள் வீட்டில் உள்ள வண்டியின் இன்சூரன்ஸ் தாளில் யார் பெயர் இருக்கிறது?
2. அது தேர்டு பார்ட்டியா, முழு இன்சூரன்சா?
3. அது எந்த நாளில் முடிகிறது? இன்றே எடுத்துப் படித்துப் பாருங்கள்.