கூட்டுக்குள் ஒரு ரத்தக் கணக்கு

பெரியதாழையில் ஓட்டு இடுக்கிலோ மீட்டர் பெட்டியின் மேலோ சிட்டுக்குருவி கூடு வைத்துவிட்டால் கலைக்க யாருக்கும் மனம் வராது. பொரிக்கும்போது மூன்று கிராம்கூடத் தேறாத குஞ்சு, இரண்டே வாரத்தில் இருபது கிராமைத் தாண்டிப் பறந்துவிடுகிறது. அந்த அவசர வளர்ச்சிக்கு இடையில்தான் கூட்டின் புல்லுக்குள் செள் என்னும் ரத்தம் உறிஞ்சும் சிற்றுயிர் பெருகுகிறது.

வெப்ப நாடுகளில் கோழியையும் குருவியையும் ஒருங்கே பிடிக்கும் இந்தச் செள், ஊசிமுனை அளவுதான். பசியில் வெளிறியிருக்கும், ரத்தம் குடித்ததும் கருஞ்சிவப்பாகும். முட்டையிலிருந்து முதிர்ந்த செள்ளாக ஏறத்தாழ ஒரு வாரம் போதும். குஞ்சுகள் பறந்தபின் இரையில்லாத செள் சுவர்வழியே இறங்கி மனிதரையும் கடிக்கும். குருவி போனதும் வீட்டில் காரணம் தெரியாத அரிப்பு வந்தால், பழைய கூட்டைப் பாருங்கள்.

ஒரு செள் குடிப்பது துளியிலும் துளி. ஆனால் நூற்றுக்கணக்கில் சேர்ந்தால் குஞ்சு தாங்காது. போன ரத்தத்தை மறுபடி ஊறவைக்கப் புரதமும் இரும்புச்சத்தும் வேண்டும். இறகுக்கும் தசைக்கும் போகவேண்டியது அங்கே போய்விடுகிறது. சிவப்பணு குறைந்தால் தசைக்கு ஆக்சிஜன் போதாது. பிரான்சின் கோர்சிகா தீவில், ரத்தம் உறிஞ்சும் ஈப்புழுக்கள் மொய்த்த கூட்டில் வளர்ந்த பட்டாணிக்குருவிக் குஞ்சுகளுக்கு ரத்தம் சுண்டியிருந்தது. குளிரில் உடலைச் சூடாக்கும் திறனும் குறைந்திருந்தது. எடையை மட்டும் பார்த்து ஒரு குஞ்சு நலம் என்று சொல்லிவிட முடியாது என்பதே என் கருத்து. இரை தாராளமாகக் கிடைக்கும் பருவத்தில் எடை சரியாக இருந்தும் ரத்தம் குறைந்திருக்கலாம்.

ரத்தம் இழந்த குஞ்சுகளுக்குக் கூடுதல் இரை வேண்டும்; அந்தச் சுமை பெற்றோர்மேல் விழுகிறது. சுவிட்சர்லாந்தில் 1990களில் பட்டாணிக்குருவிக் கூடுகளில் தெள்ளுப்பூச்சி விட்டுப் பார்த்தார்கள். குஞ்சுகள் இரைகேட்டுக் கத்துவது இரட்டிப்பானது. ஆண்பறவை அதிகமாகப் பறந்து இரை கொண்டுவந்தது. தாய்க்கு இரவுத் தூக்கம் கெட்டது.

கொல்கத்தாவில் சிட்டுக்குருவிகள் கூட்டுக்குள் வேப்பிலை கொண்டுவந்து வைப்பதை, 1981இல் சென்குப்தா என்ற ஆய்வாளர் 'எமு' என்ற ஆஸ்திரேலியப் பறவையியல் இதழில் எழுதினார். பூச்சியை விரட்டத்தான் இது என்பது அவர் கணிப்பு. கோழிக்கூட்டில் வேப்பிலை போடும் நம் வீடுகளுக்கு இது புதிதல்ல. குருவியும் அதையே செய்வதுதான் வியப்பு.

குஞ்சு இருக்கும் கூட்டில் மருந்து மட்டும் அடித்துவிடாதீர்கள். செள்ளோடு குஞ்சும் செத்துவிடக்கூடும். எல்லாம் பறந்தபின் கூட்டை எடுத்து எரித்துவிட்டு, ஓட்டு இடுக்காக இருந்தால் கொதிநீர் ஊற்றிக் காயவிடுங்கள்; மீட்டர் பெட்டியில் தண்ணீர் படவிடாதீர்கள். அடுத்த ஈட்டுக்கு அதே ஜோடி அங்கேயே புதுக்கூடு வைக்கக்கூடும்.