இடம் காக்கும் மருத்துவர்

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தனியார் கிளினிக்குச் செல்வோர், "டாக்டர் விடுமுறையில் இருக்கிறார், இன்று லோக்கம் பார்ப்பார்" என்று முகப்பிலிருப்பவர் சொல்லக் கேட்டிருப்பர். "லோக்கம் டெனன்ஸ்" என்னும் இலத்தீன் தொடரின் முற்பகுதியே இந்த "லோக்கம்". இடத்தை வைத்திருப்பவர் என்பது அத்தொடரின் பொருள். படைத்துறையில் வழங்கும் "லெப்டினன்ட்" என்னும் பதவிப் பெயரும் பிரெஞ்சு மொழியில் இதே பொருள்பட அமைந்ததாகும். உரியவர் இல்லாத வேளையில் அவருடைய இடத்தைக் காத்து, அவர் திரும்பியதும் ஒப்படைத்துவிட்டுச் செல்பவரே லோக்கம்.

உரியவர் ஒருவர் இருந்தால்தான் அவர் இடத்தை மற்றொருவர் காக்க முடியும். அவ்விடத்தில் என்றுமே ஒருவரும் இல்லையென்றால் வந்தவர் எதைக் காக்கிறார்? அவர் சென்றபின் எஞ்சுவது என்ன? அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சிறுநகர மருத்துவமனைகளில் இவ்வினா இன்று உயிரோடு தொடர்புடையதாகிவிட்டது. ஊர் ஊராகச் சென்று ஓரிரு வாரம் பணியாற்றும் இடையீட்டுக் கதிரியல் மருத்துவர்களின் தொழிலைக் கூர்ந்து நோக்கினால் இதன் விரிவு விளங்கும்.

கத்தியின்றி ஒரு சிகிச்சை

எக்ஸ்-ரே மருத்துவரின் வேலை நெடுங்காலம் பார்ப்பதும் சொல்வதுமாகவே இருந்தது. படத்தைப் பார்த்து நோய் எங்கே உள்ளது என்று அவர் எழுதிக் கொடுப்பார். அதைக் கொண்டு அறுவை மருத்துவர் கத்தியை எடுப்பார். இந்த எல்லையைத் தாண்டுவதற்கு முதல் வழியைத் திறந்தவர் ஸ்வீடன் நாட்டைச் சேர்ந்த செல்டிங்கர். 1953-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட முறை மிக எளியது. இரத்தக் குழாயில் ஊசியைச் செலுத்துவது. ஊசியின் வழியே மெல்லிய கம்பியை உள்ளே விடுவது. ஊசியை உருவிவிட்டு, அக்கம்பியின் மேலாகக் கத்தீட்டர் என்னும் நுண்குழாயைச் செலுத்துவது. இவ்வளவே. ஆனால் தோலில் ஒரு சிறு துளையின் வழியாக உடலின் உட்பகுதிகளை எட்டும் பாதை இதனால் கிடைத்தது.

அப்பாதையில் சிகிச்சையைக் கொண்டு சென்றவர் அமெரிக்காவின் ஆரெகன் மாநிலத்தில், போர்ட்லந்து நகரில் பணியாற்றிய சார்ல்ஸ் டாட்டர். 1964-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் நாள் அவரிடம் வந்த நோயாளி 82 வயது மூதாட்டி. தொடையிலுள்ள இரத்தக் குழாய் சுருங்கி, பாதம் அழுகத் தொடங்கியிருந்தது. காலை எடுத்துவிட வேண்டுமென்றனர் மருத்துவர்கள், அம்மூதாட்டி இணங்கவில்லை. டாட்டர் கம்பியைச் செலுத்தி, அதன்மேல் ஒன்றைவிட ஒன்று பருத்த குழாய்களை அடுத்தடுத்து விட்டுச் சுருங்கிய இடத்தை விரித்தார். பாதத்தில் மீண்டும் இரத்தம் பாய்ந்தது. அதன்பின் இரண்டாண்டுகளுக்கு மேல் வாழ்ந்த அம்மூதாட்டி, இறுதிவரை தம் இரு கால்களாலேயே நடந்தார்.

இன்று இத்துறையின் எல்லை மிக விரிந்துள்ளது. மகப்பேற்றுக்குப் பின் நில்லாமல் ஒழுகும் இரத்தத்தை, அதற்குரிய குழாயை உள்ளிருந்தே அடைத்து நிறுத்துகின்றனர். கல்லால் அடைபட்டுச் சீழ் பிடித்த சிறுநீரகத்தில் முதுகுப்புறமாகக் குழாய் செருகி வடித்துவிடுகின்றனர். ஈரலில் தோன்றிய புற்றுக்கட்டியைத் தேடிச் சென்று அங்கேயே மருந்தைச் செலுத்துகின்றனர். 2012-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவச் சிறப்புத் துறைகளின் வாரியம் இதனைத் தனித்ததொரு முதன்மைத் துறையாக ஏற்றது. மருத்துவக் கல்லூரிப் படிப்பை முடித்தபின் இதற்கென மேலும் ஆறாண்டு பயில வேண்டும்.

படம் செல்லும், கை செல்லாது

ஆளில்லாக் குறையை மற்றக் கதிரியல் மருத்துவர்கள் ஓரளவு தீர்த்துக்கொண்டனர். கம்பி வழியே படத்தை அனுப்பினால், எங்கோ இருப்பவர் அதைப் படித்து முடிவு சொல்லலாம். அமெரிக்காவின் நள்ளிரவில் எடுத்த படத்தை, அப்போது பகலாயிருக்கும் ஆஸ்திரேலியாவில் இருந்தபடியே படித்துச் சொல்லும் ஏற்பாடு இந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது.

இடையீட்டுக் கதிரியலுக்கு இவ்வழி பயன்படாது. கம்பியைத் திருப்பி நுழைக்கும் விரல்கள் நோயாளியின் அருகிலேயே இருக்க வேண்டும். ஆகவே நோயாளி மருத்துவரிடம் போக வேண்டும். அல்லது மருத்துவர் நோயாளியிடம் வர வேண்டும்.

தொலைவு என்பது இங்கே சிறிதன்று. மொண்டானா மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். பரப்பில் அது மலேசியா முழுவதையும்விடப் பெரியது. 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கிருந்த மக்களோ 10,84,225 பேர்தாம். சிறுநீரகத்தில் சீழ் பிடித்துக் காய்ச்சல் ஏறிய ஒருவரை இத்தகைய நிலப்பரப்பில் ஹெலிகாப்டரில் ஏற்றி அனுப்ப வேண்டியிருக்கும். பனிப்புயல் வீசினால் அதுவும் பறக்காது.

அப்படியானால் மருத்துவர் அங்கேயே குடியேறலாகாதா என்று கேட்கத் தோன்றும். இதற்குத் தடை மனமின்மை மட்டுமன்று. கணக்கும் தடையாக நிற்கிறது. சிற்றூர் மருத்துவமனைகள் மூடப்படுவதைத் தடுக்க 1997-ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸ் தனியொரு பிரிவை ஏற்படுத்தியது. அப்பிரிவைச் சேர்ந்த மருத்துவமனையில் 25 படுக்கைகளுக்கு மேல் இருத்தல் கூடாது. விலையுயர்ந்த எக்ஸ்-ரே கருவியோடு கூடிய சிகிச்சை அறையை இவ்வளவு சிறிய இடத்தில் அமைத்து நடத்துவது அரிது. எனவே ஒரு வட்டாரத்தின் நடுவிலுள்ள நடுத்தர மருத்துவமனையே இதற்குப் பொறுப்பேற்கிறது. அங்கும் ஒருவரை முழுநேரமாக அமர்த்தும் அளவுக்கு வேலை இருக்கலாம், இருவருக்கு இராது. ஒருவரே இருந்தால் ஆண்டின் 365 இரவுகளும் அழைப்புக்குக் காத்திருக்க வேண்டியவர் அவர் ஒருவரே. சில ஆண்டுகளில் அவர் சோர்ந்து வேறிடம் செல்கிறார். நாற்காலி மீண்டும் காலியாகிறது. அதில் வந்து அமர்பவரே லோக்கம்.

சுயேச்சைப் பணியின் அமைப்பு

இவ்வாறு வருபவர் பெரும்பாலும் மருத்துவமனையின் ஊழியர் அல்லர், சுயேச்சையான ஒப்பந்தக்காரர். நாட்கணக்கில் ஊதியம் பெறுவார். ஆள் அமர்த்தும் நிறுவனம் ஒன்று இடையே நின்று பயணம், தங்குமிடம், தொழிற்பிழைக் காப்புறுதி ஆகியவற்றை ஏற்பாடு செய்வது வழக்கம். இடைத்தரகரின்றி மருத்துவமனையோடு நேரே ஒப்பந்தம் செய்துகொள்வோரும் உளர். அவர்கள் காப்புறுதியையும் தாமே தேடிக்கொள்ள வேண்டும். சம்பளத்தோடு கூடிய விடுப்பு கிடையாது. வருமான வரியையும், ஊழியருக்காக முதலாளி கட்டும் பங்கையும் சேர்த்துத் தாமே செலுத்த வேண்டும். சிகிச்சை நடந்து சில ஆண்டுகள் கழித்தும் வழக்கு வரக்கூடும். ஆதலின் ஊரைவிட்டுப் போனபின்னும் தொடரும் காப்புறுதி இருக்கிறதா என்று பார்த்தே ஒப்பந்தத்தில் கையொப்பமிடுவர்.

தற்காலிகம் என்பதால் இன்று அழைத்து நாளை வரவழைக்கலாம் என்று எண்ணுதல் தவறு. அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே மருத்துவ உரிமம் வழங்குகிறது. பல மாநிலங்கள் ஓர் உடன்படிக்கையில் சேர்ந்து, 2017-ஆம் ஆண்டு முதல் விரைவாக உரிமம் வழங்கி வருகின்றன. 40-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் இதில் இணைந்துள்ளன. ஆயினும், வருபவர் எங்கே பயின்றார், இச்சிகிச்சையை எத்தனை முறை செய்தார், அவர்மீது வழக்குண்டா என்பதை ஒவ்வொரு மருத்துவமனையும் தனியே ஆராயும். இதற்கு வாரங்கள் ஆகும். சில வேளைகளில் மாதங்களும் ஆகும்.

மருத்துவர்கள் இவ்வேலையை நாடுவதற்குக் காரணம் பல. ஓய்வு பெறும் வயதை அடைந்தவர் தொழிலை முற்றிலும் கைவிட விரும்புவதில்லை. இளையவர் நிலையான இடத்தைத் தேர்ந்தெடுக்குமுன் பல இடங்களைப் பார்க்க விழைகிறார். ஆண்டில் சில மாதம் உழைத்து எஞ்சியதைக் குடும்பத்திற்கு ஒதுக்குவோரும் உண்டு. மருத்துவமனைக்கோ செலவு கூடுகிறது. நாட்கூலியோடு தரகையும் பயணச் செலவையும் அது தர வேண்டும். ஆயினும் சிகிச்சை அறையைப் பூட்டி வைப்பதைவிட இதுவே மேலென்று கருதுகின்றது.

சென்றபின் எஞ்சுவது

இத்தொழிலின் உண்மையான இடர் பணத்தில் இல்லை, காலத்தில் இருக்கிறது. அறுவை மருத்துவர் குடல்வாலை அகற்றினால் வேலை பெரும்பாலும் முடிந்தது. இடையீட்டுக் கதிரியல் மருத்துவரோ ஏதேனும் ஒன்றை உடலில் வைத்துவிட்டுச் செல்வது வழக்கம். சிறுநீரகத்தில் வைத்த வடிகுழாயை ஏறத்தாழ மூன்று மாதத்திற்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இல்லையேல் அது அடைபட்டு மீண்டும் சீழ் பிடிக்கும்.

இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு ஒன்றுண்டு. காலின் இரத்தக் குழாயில் உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குச் சென்றால் உயிர் போகலாம். இரத்தம் உறையாமைக்குரிய மருந்தை உண்ண இயலாதவர்க்கு, வயிற்றிலுள்ள பெருஞ்சிரையில் குடைக்கம்பி போன்ற ஒரு வடிகட்டியை வைப்பர். வரும் கட்டியை அது தடுத்து நிறுத்தும். ஆனால் நெடுநாள் விட்டுவைத்தால் அது சாயலாம், முறியலாம், சிரையின் சுவரைத் துளைக்கவும் செய்யலாம். தேவை தீர்ந்ததும் எடுத்துவிடுவதை மருத்துவர்கள் கருத வேண்டுமென்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2010-ஆம் ஆண்டில் எச்சரித்தது. நுரையீரலுக்குரிய ஆபத்து நீங்கியவர்க்கு, வைத்த 29-ஆம் நாளுக்கும் 54-ஆம் நாளுக்கும் இடையே எடுத்துவிடுவதில்தான் நன்மை மிகுகிறது என்று 2014-ஆம் ஆண்டில் அது மேலும் விளக்கியது.

இங்கே கணக்கைப் பாருங்கள். லோக்கம் மருத்துவரின் இரு வாரப் பணி 14-ஆம் நாளில் முடிகிறது. வடிகட்டியை எடுக்கும் காலமோ 29-ஆம் நாளில்தான் தொடங்குகிறது. வைத்தவர் அப்போது வேறொரு மாநிலத்தில் இருப்பார். அடுத்து வந்தவர்க்கு அந்த நோயாளியைத் தெரியாது. நோயாளிக்கோ வலியில்லை; ஆகவே அவரும் வரமாட்டார். ஒருவரும் தவறு செய்யாமலே ஒருவர் கைவிடப்படுகிறார்.

இதைத் தடுப்பது ஒரு நோட்டுப் புத்தகமும் அதைக் காக்கும் ஒருவருமே. யாருக்கு எதை வைத்தோம், எந்நாளில் எடுக்க வேண்டும் அல்லது மாற்ற வேண்டும் என்று எழுதி, அந்நாள் வருமுன் நோயாளியை அழைக்கும் பொறுப்பை ஊரிலேயே இருக்கும் தாதி ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். அவ்வாறு செய்யுமிடத்தில் மருத்துவர் மாறினாலும் சிகிச்சை அறுபடுவதில்லை. ஓரிருவரே மாறி மாறித் திரும்பத் திரும்ப வருமாறு ஒப்பந்தம் செய்துகொள்வதும் நற்பயன் தரும்.

தார் எஸ் சலாமில் ஒரு வழி

தற்காலிகப் பணி எவ்வளவு உயர முடியும் என்பதற்குச் சான்று கிழக்கு ஆப்பிரிக்காவில் உள்ளது. தான்சானியாவில் 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள் 6 கோடிக்கு மேற்பட்டோர். 2018-ஆம் ஆண்டுக்கு முன் அந்நாட்டில் இடையீட்டுக் கதிரியல் பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவர்கூட இல்லை. அவ்வாண்டு முதல், தார் எஸ் சலாம் நகரிலுள்ள முகிம்பிலி தேசிய மருத்துவமனைக்கு, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள் முன்னின்று அமைத்த குழுக்கள் இரு வாரத் தவணையாகச் செல்லத் தொடங்கின. ஒரு மருத்துவர், ஒரு தாதி, கருவியை இயக்குபவர் ஒருவர் என மூவகையினரும் சேர்ந்து சென்றனர் என்பதே இதில் கருதத்தக்கது. மருத்துவர் மருத்துவர்க்கும், தாதி தாதியர்க்கும், கருவியாளர் கருவியாளர்க்கும் கற்றுக் கொடுத்தனர். 2019-ஆம் ஆண்டில் இரண்டாண்டு முதுகலைப் படிப்பு அங்கேயே தொடங்கிற்று. 2021-ஆம் ஆண்டில் முதல் வகுப்பினர் பட்டம் பெற்று, தம் நாட்டிலேயே பணியாற்றும் நிலையை அடைந்தனர்.

தங்கியோர் இரு வாரமே தங்கினர். ஆனால் ஒவ்வொருவரும் முந்தியவர் விட்ட இடத்திலிருந்து தொடங்கினர். தாம் இனித் தேவைப்படாத ஒரு நாளை நோக்கியே உழைத்தனர்.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாக வகுப்பதைத் தமிழாசிரியர்கள் அறிவர். நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து துணைசெய்பவர் என்பன அந்நான்கு. ஊர்விட்டு ஊர் வரும் லோக்கம் மருத்துவர் இவற்றுள் ஒரு கூற்றை மட்டுமே கொண்டுவர முடியும். எஞ்சியவற்றை ஊர்தான் வைத்திருக்க வேண்டும். அவர் வந்திறங்கும்போது அருகிருந்து உதவ ஆளும், அவர் சென்றபின் குறிப்பேட்டைத் திறந்து பார்க்கும் கண்ணும் இருக்குமானால், இரு வாரம் தங்கியவரும் இடத்தைக் காத்தவரே ஆவார்.