உங்களுக்குத் தெரியுமா? பெங்களூருவில் கேட்கும் தருமபுரி வானொலி

தருமபுரி வானொலி ஒலிப்பது பண்பலை 102.5-இல். பண்பலை பெரும்பாலும் நேர்கோட்டில் போகும். மலை குறுக்கிட்டால் தேய்ந்துவிடும். கட்டட வேலைக்காக பெங்களூரு போகும் பென்னாகரத்துக்காரருக்குப் பாதி வழியிலேயே கரகரப்புதான் மிஞ்சும். இந்த வானொலியை நடத்தும் பிரசார் பாரதியின் ‘நியூஸ் ஆன் ஏர்’ செயலி வந்த பிறகு, சாரத்தடியில் உட்கார்ந்து மதியச் சாப்பாட்டைப் பிரிக்கிறவர் அங்கேயே ஊர்க்குரலைக் கேட்கலாம். எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

ரேடியோவையும் அந்தச் செயலியையும் அருகருகே வைத்துக் கேட்டுப் பாருங்கள். ரேடியோ சொன்னதைக் கைப்பேசி சில நொடி கழித்துத்தான் சொல்லும். ஒலியைத் துண்டு துண்டாக்கி, கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்ட பிறகே இணையம் நம் காதுக்குத் தருகிறது. வானொலியைக் கேட்டுக் கடிகாரம் திருத்தும் பெரியவர்கள் பழைய பெட்டியையே நம்பலாம்.

செயலியில் நொடிக்கு 64 கிலோபிட் வேகத்தில் ஒரு மணி நேரம் கேட்டால் சுமார் 29 எம்.பி. டேட்டா போகும்.

இணையத்துக்கு மாறியது தருமபுரி வானொலி மட்டுமல்ல. 1941 மே மாதம் தொடங்கியது பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்பு. இரவு ஒன்பதே கால் ஆனதும் சிற்றலை முள்ளை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, இரைச்சலுக்குள்ளிருந்து ‘தமிழோசை’யைப் பிடித்த வீடுகள் எத்தனை! 2017 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு, 76 ஆண்டுகளுக்குப் பின், அந்த ஒலிபரப்பு நின்றது. பி.பி.சி. தமிழ் இப்போது இணையத்தில். மறு ஆண்டே, தமிழில் ஒலிபரப்பிவந்த வேரித்தாஸ் வானொலியும் சிற்றலையை விட்டது.

தூர்தர்ஷனுக்காக மொட்டைமாடியில் மீன்முள் ஆன்டெனாவைத் திருப்பிய காலமும் முடிந்தது. தூர்தர்ஷனையும் நடத்தும் பிரசார் பாரதி 2024 நவம்பரில் ‘வேவ்ஸ்’ என்ற ஓ.டி.டி. தளத்தையே தொடங்கிவிட்டது.

ஆனாலும் பண்பலையைக் கைவிடக் கூடாது. மலையூர்களில் மழைக்கு மின்சாரம் போய் டவரும் படுத்தால் செயலி ஊமை. பண்பலை வசதியுள்ள கைப்பேசிக்கோ டேட்டாவே வேண்டாம். ஹெட்போன் ஒயரே ஆன்டெனா. 102.5-இன் அலைநீளம் சுமார் 2.9 மீட்டர். அதில் கால்பங்கு, 73 செ.மீ. ஒயர் இருந்தாலே போதும். அந்த வசதியை முடக்காமல் தரும்படி 2023-இல் மத்திய அரசு கைப்பேசி நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. புதுக் கைப்பேசி வாங்கும்போது ‘எஃப்.எம். இருக்கிறதா?’ என்று கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.