கொயினாவும் கருந்துகளும்

1877-ஆம் ஆண்டில் பேராக்கின் கோலகங்சாரில் ஒன்பது ரப்பர்க் கன்றுகள் நடப்பெற்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏறவே, ஈப்போவைச் சூழ்ந்த மேட்டு நிலங்களிலும் காடுகள் அழிந்து தோட்டங்கள் எழுந்தன. நிழல் நீங்கி வெயில் பட்ட மலையோடைகளில் 'மாக்குலேட்டஸ்' என்னும் அனாபிலிஸ் கொசு பெருகிற்று. தமிழகத்திலிருந்து வந்த பாட்டாளிகளை மலேரியாக் காய்ச்சல் வாரிக்கொண்டு போயிற்று. நெடுங்காலம் அதற்கு நம்பத்தக்க மருந்தாக இருந்தது கொயினா ஒன்றே. காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்தி அதனைக் கொடுக்கும் வழக்கமும் மலாயாத் தோட்டங்களில் இருந்தது. அக்கசப்பு உடலினுள் சென்று செய்த வேலை யாது என்பதைக் கொடுத்த டிரெஸ்ஸரும் அறியார், விழுங்கியவரும் அறியார். விஞ்ஞானிகளுக்கே அது அந்நூற்றாண்டின் இறுதியில்தான் ஓரளவு விளங்கிற்று.

விடை இரும்பில் இருக்கிறது. இரும்பு, செம்பு, கோபால்ட்டு முதலியன இடைநிலை உலோகங்கள். இவற்றின் அணு, தனக்கு எதிர்மின்னி இணைகளைத் தந்துதவும் மூலக்கூறுகளைத் தன்னைச் சுற்றி நிறுத்திக்கொள்ளும். அவ்வாறு தருவதை 'ஈனி' என்றும், இரண்டும் கூடியதை 'அணைவுச் சேர்மம்' என்றும் தமிழில் வழங்குவர். தமிழாசிரியர் மகிழத்தக்க சொற்கள். குருதிக்குச் செந்நிறம் தரும் 'ஹீம்' இத்தகைய சேர்மமே. போர்பிரின் என்னும் கரிம வளையத்தின் நான்கு நைட்ரஜன் அணுக்கள் நடுவிலுள்ள இரும்பைப் பற்றியுள்ளன. ஐந்தாம் இடத்தைப் புரதம் பற்றுகிறது. ஆறாம் இடம் பிராணவாயுவுக்கு உரியது. புரதத்தின் மடியில் இருக்கும்வரை ஹீம் உயிர் காக்கும். அதை விட்டுப் பிரிந்தால் உயிரணுவின் சவ்வுகளைச் சிதைக்கும் நஞ்சாகிவிடும்.

மலேரியா ஒட்டுண்ணி சிவப்பணுவினுள் புகுந்து ஹீமோகுளோபினைத் தின்கிறது. புரதம் அதற்கு உணவு. மிஞ்சும் ஹீமோ அதற்கே நஞ்சு. ஆகவே அது ஒரு தந்திரம் செய்கிறது. ஒரு ஹீமின் அமிலக்கை மற்றொரு ஹீமின் இரும்பைப் பற்றுமாறு இரண்டிரண்டாகப் பிணைத்துப் படிகமாக அடுக்கிவிடுகிறது. ஹீமே ஹீமுக்கு ஈனியாகும் இவ்வமைப்பு 2000-ஆம் ஆண்டில்தான் தெளிவாயிற்று. படிகமானபின் நஞ்சில்லை. உருப்பெருக்கியில் கருந்துகளாகத் தெரிவது இதுவே. 1897 ஆகஸ்டு 20-இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் இரைப்பைச் சுவரில் கண்டவை மலேரியாவுக்குரிய அணுக்களே என்று காட்டிக்கொடுத்ததும் இத்துகள்தான். தன் கழிவினாலேயே பிடிபட்ட கள்வன் எனலாம்.

கொயினாவின் இனத்தைச் சேர்ந்த குளோரோக்குவின் 1934-இல் ஜெர்மனியில் ஆக்கப்பட்டது. அது ஹீமைப் பற்றிக்கொண்டு படிகம் வளராமல் தடுக்கிறது. ஒட்டுண்ணி தான் உண்டாக்கிய நஞ்சினாலேயே மாள்கிறது. கொயினாவும் பெரும்பாலும் இவ்வழியே செல்வதாகக் கருதுகின்றனர்.

ஹீம் ஒட்டுண்ணியின் பொருளன்று, மனிதனுடையது; அதன் வடிவை ஒட்டுண்ணியால் மாற்ற இயலாது. எனினும் 1950-களின் இறுதி முதல் குளோரோக்குவின் பல நாடுகளில் தோற்கத் தொடங்கிற்று. ஒட்டுண்ணி மாற்றியது வேறொன்றை: தன் உணவுப்பையின் சவ்விலுள்ள ஒரு புரதத்தை. மாறிய அப்புரதம் மருந்தை வெளியே கடத்திவிடுகிறது. இதற்கு மாற்றாகப் பிரெஞ்சு இரசாயனிகள் 1990-களில் குளோரோக்குவினுள்ளேயே இரு கரிம வளையங்களுக்கு இடைப்பட்ட ஓர் இரும்பணுவைப் புகுத்தினர். 'பெரோக்குவின்' என்னும் அது, குளோரோக்குவினுக்கு அடங்காத ஒட்டுண்ணிகளையும் சோதனைகளில் கொன்றது.

மனிதரிடையே பரவும் மலேரியா உள்நாட்டில் ஒருவருக்கும் தொற்றவில்லை என்று மலேசியா 2018-இல் பதிவு செய்தது. ஆயினும் குரங்குகளிடமிருந்து வரும் 'நோலெசி' மலேரியா காட்டோரங்களில் ஆட்களைப் பற்றியே வருகிறது. அதற்குத் தரப்படும் ஆர்ட்டிமிசினின் இன மருந்துகளும், ஹீமின் இரும்பு தம்மிலுள்ள பிராணவாயுப் பிணைப்பை உடைத்த பிறகே வேலை செய்யத் தொடங்குகின்றன.